வானம் பார்க்கச் சங்கம் எதற்கு?

கேள்வி: கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கானாடுகாத்தானில், வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு மனைவியுடன் அங்கேயே குடியிருக்கிறேன். சென்ற ஆண்டு 70 மி.மீ. தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். நிலா பார்த்தேன், வியாழன் பார்த்தேன், பிறகு என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் அக்காள் மகன், அங்குள்ள சங்கத்தின் மூலம் ஏதோ நோக்குத் திட்டத்தை முடித்துச் சான்றிதழும் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னமும் வாங்கியிருக்கிறான். காரைக்குடியில் சில ஆசிரியர்கள் சேர்ந்து வானியல் குழு நடத்துகிறார்கள். ஒருமுறை போனேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டினார்கள். நானும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பி.காம். படித்த, அறுபதைத் தாண்டிய நான் இப்படிப்பட்ட திட்டத்தில் சேர முடியுமா? அதற்குச் சங்கம் அவசியமா? சிங்கப்பூரில் இருக்கும் மகன் பெரிய தொலைநோக்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள ஐயா, தாராளமாகச் சேரலாம். பி.காம். ஒரு தடையே இல்லை. காசாளர் வேலை பார்த்தது இதற்குப் பெரிய தகுதி. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் அக்காள் மகன் முடித்தது அநேகமாக அஸ்ட்ரானமிக்கல் லீக் நடத்தும் திட்டங்களில் ஒன்றாக இருக்கும். அமெரிக்காவில் ஊர்தோறும் உள்ள வானியல் சங்கங்களின் கூட்டமைப்பு அது. திட்டம் என்றதும் ஏதோ ஆராய்ச்சி என்று மலைக்க வேண்டாம். ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதில் உள்ளவற்றை நீங்களே வானத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேதி, நேரம், இடம், கருவி, உருப்பெருக்கம், அன்றைக்கு வானம் எப்படி இருந்தது, கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று எழுதி வைக்க வேண்டும். முடித்ததும் விவரம் தெரிந்த ஒருவர் அந்தக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவார்.

பட்டியல்கள் பல விதம். பிரெஞ்சு வானியலர் மெசியே 18ஆம் நூற்றாண்டில் தொகுத்து, பின்னால் வந்தவர்கள் சிலவற்றைச் சேர்த்து 110 ஆன மங்கலான பொருள்கள் — நட்சத்திரக் கொத்துகள், வாயு மேகங்கள், அண்டங்கள் (கேலக்ஸிகள்) — ஒரு பட்டியல். இவற்றில் 70ஐப் பார்த்தால் சான்றிதழ் உண்டு. 110ஐயும் முடித்தால் அதற்கும் மேலான தகுதி. இரட்டை நட்சத்திரங்களில் 100 கொண்ட பட்டியல் உண்டு, நிலாவுக்கு ஒரு 100 உண்டு. பைனாகுலர் மட்டும் வைத்திருப்பவர்கள் மெசியே பட்டியலில் 50 பார்த்தால் போதும் என்று தனியாக ஒன்று இருக்கிறது. மெசியே திட்டத்தில் ஒரு கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்: பொத்தானை அழுத்தினால் தானாகத் திரும்பி நிற்கும் கணினித் தொலைநோக்கியால் கண்டுபிடித்தவை செல்லாது. வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த நட்சத்திரத்திலிருந்து தெரியாததற்கு ஒவ்வொன்றாகத் தாவிப் போய்த்தான் சேர வேண்டும். முதல் சில மாதங்கள் கழுத்து வலிக்கும். அதற்குப் பிறகு வானம் உங்கள் சொந்த ஊர்த் தெரு போலப் பழகிவிடும்.

சான்றிதழ் வாங்க அந்த அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஏற்கெனவே இணைந்த சங்கம் வழியாகவும் ஆகலாம், தனி ஆளாகவும் ஆகலாம். டாலரில் சந்தா கட்ட இப்போது அவசரமில்லை. பட்டியல்கள் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இந்தச் சான்றிதழ் எங்கும் செல்லாது. உங்களுக்கு அவை இரண்டும் இனி வேண்டியதில்லை. ஆகவே சின்னத்தை மருமகனிடமே விட்டுவிட்டு, அவர் செய்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, சங்கம் எதற்கு என்ற கேள்வி. கண் நம்மை ஏமாற்றும் என்பதால்தான். தனியாகப் பார்க்கிறவர் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகிவிடுவார்: எதுவும் தெரியவில்லை என்று கருவியை மூட்டை கட்டுகிறவர், அல்லது புத்தகத்தில் படித்ததையெல்லாம் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறவர். இரண்டாமவரைத் திருத்துவது கடினம்.

ஓரியன் மண்டலத்து வாயு மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெசியே பட்டியலில் 42ஆவது. தை, மாசி மாதங்களில் முன்னிரவிலேயே உயரத்தில் இருக்கும். உங்கள் 70 மி.மீ. கருவியிலேயே நன்றாகத் தெரியும். முதன்முதலாகப் பார்ப்பவர் நோட்டில் ‘சாம்பல் நிறப் புகை, அழகு’ என்று எழுதி மூடிவிடுவார். பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருந்தால் விட மாட்டார். நடுவில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்பார். ஒன்று என்பீர்கள். உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள் என்பார். 25 மி.மீ. கண்வில்லையைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. வில்லையைப் போட்டதும் அந்த ஒன்று மூன்றாகப் பிரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பகலில் வீடு வாங்கிய சூடு அடங்கும் நேரம் வரை காத்திருந்து பார்த்தால், நான்காவதாக ஒரு மங்கலான புள்ளி தெரியும். புகை எந்தப் பக்கம் நீள்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அங்கேயே உற்றுப் பார்த்தால் தெரியாது. பார்வையைச் சற்றே பக்கவாட்டில் வைத்து ஓரக்கண்ணால் வாங்கினால் இரண்டு சிறகுகள் விரியும், நடுவே கறுப்பாக ஒரு வாய் உள்ளே நுழைந்திருக்கும். இருட்டில் மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால்தான் இந்த ஓரக்கண் வித்தை. அந்தப் பத்து நிமிடக் குறுக்கு விசாரணைக்குத்தான் சங்கம் வேண்டும். பாடம் நடத்தவோ கருவி இரவல் தரவோ சங்கம் இருப்பது அதற்கு அடுத்தபடிதான்.

காரைக்குடிக் குழு நிலாவை மட்டும் காட்டியது என்று உங்கள் கடிதத்தில் சற்றுச் சலிப்புத் தெரிகிறது. அவர்கள்மேல் குறையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலைக் காட்சியை யாராக இருந்தாலும் வளர்பிறை அட்டமியை ஒட்டித்தான் வைப்பார்கள். அப்போதுதான் நிலா சாயங்காலமே உச்சியில் நிற்கும், பள்ளங்களின் நிழல் நீண்டு விழும், பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். மெசியே பட்டியலுக்கு வேண்டியது அமாவாசையை ஒட்டிய இரவு. இரண்டும் வேறு வேறு நாள், வேறு வேறு வேலை. பொதுமக்களுக்குக் காட்டுகிற குழுவெல்லாம் தனக்கென்றும் பார்க்கிற குழுவாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: உங்கள் நோக்குக் குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்று அவர்களிடம் கேளுங்கள். நோட்டை எடுத்து நீட்டினால் அன்றைக்கே சேர்ந்துவிடுங்கள். தலையைச் சொறிந்தால், நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லிச் சேருங்கள்.

அடுத்த முறை வரிசையில் நிற்காதீர்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் முக்காலியைத் தூக்குங்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்துங்கள். பிள்ளைகள் போன பிறகு ஆசிரியர்கள் கருவியை மூடுவதற்கு முன் ஓர் அரை மணி நேரம் கிடைக்கும். சங்கத்தின் உண்மையான கூட்டம் அந்த நேரத்தில்தான் நடக்கும். மாதம் ஒரு அமாவாசை இரவு கானாடுகாத்தானில் கூடலாமா என்று அப்போது கேளுங்கள். மாடி இருக்கிறது, காபி உண்டு என்றால் வராமல் இருக்க மாட்டார்கள். ராகு கேது எங்கே இருக்கின்றன, காட்டுங்கள் என்று பார்க்க வந்தவர்களில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் அவை, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையிலும் விசாரியுங்கள். 2019 டிசம்பர் 26ஆம் தேதி கங்கண சூரிய கிரகணத்தின்போது, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்களை வெளியே வரவழைக்க உழைத்தவர்கள் அங்கே உண்டு.

எதில் தொடங்குவது? நிலாப் பட்டியலில் தொடங்குங்கள். தீவிர நோக்கர்கள் நிலாவை வெளிச்சத் தொல்லை என்று திட்டுவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்த நூறில் 18 வெறும் கண்ணுக்கு, 46 பைனாகுலருக்கு, 36தான் தொலைநோக்கிக்கு. வெறும் கண் பகுதியில் நம் பாட்டிமார் காட்டிய முயலும் இருக்கிறது. அமாவாசை முடிந்து 40 மணி நேரத்துக்குள் பிறையைப் பிடிக்க வேண்டும் என்றும் ஒன்று இருக்கிறது. மூன்றாம் பிறை தொழுகிற வழக்கம் உள்ள வீட்டில் இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. அட்சரேகை பத்து டிகிரியில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு: நிலாவின் பாதை அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுவதால் இளம்பிறை சீக்கிரம் உயரத்துக்கு வந்துவிடும், தையிலிருந்து சித்திரை வரை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். லண்டன்காரர் படாத பாடு பட்டுத் தேடுவதை நீங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டே பார்க்கலாம்.

தொலைநோக்கிப் பகுதியில் ‘நேர்ச்சுவர்’ என்று ஒன்று வரும். நிலாவின் தெற்குப் பாதியில் சுமார் 110 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து ஒரு பக்கம் இறங்கிய இடம். பாதி நிலாவுக்கு மறுநாள் பாருங்கள். பேனாவால் கோடு இழுத்ததுபோல் கறுப்பாகத் தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்னால் பார்த்தால் அது இன்னும் இருட்டில் கிடக்கும். பௌர்ணமியன்று தேடினால் நிழல் இல்லாமல் மறைந்திருக்கும். தேய்பிறையில் வெயில் மறுபக்கத்திலிருந்து விழும்போது அதே கோடு வெள்ளையாகத் தெரியும். பார்த்தேன் என்று மட்டும் எழுதினால் போதாது, எப்போது பார்த்தேன் என்பதும் சேர வேண்டும் என்பதை இந்த ஒரு கோடே சொல்லிக் கொடுத்துவிடும். இன்னொரு சின்ன விஷயம்: உங்கள் கருவியில் கண்வில்லைக்கு முன் சாய்வுக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதனால் இடம் வலமாக மாறித் தெரியும். எது மேற்கு என்று குழம்பினால் கருவியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நிலா எந்தப் பக்கம் நழுவி வெளியேறுகிறதோ அதுதான் மேற்கு.

பட்டியல் ஒரு பக்கம் போகட்டும். நீங்கள் காசாளர் என்பதால் உங்களுக்கென்று இன்னொரு வேலை வைத்திருக்கிறேன். இதற்குத் தொலைநோக்கியே வேண்டாம்.

திருவாதிரை நட்சத்திரத்தை உங்களுக்குத் தெரியும். ஓரியனின் தோளில் சிவப்பாக இருக்கும் அதன் ஒளி நிலையாக இருப்பதில்லை, கூடும், குறையும். 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும் அளவுக்கு ஒளி இழந்தது. வெடிக்கப் போகிறது என்று சிலர் பரபரப்புக் கிளப்பினார்கள். அது தன் மேற்பரப்பிலிருந்து உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த மங்கலை மங்கல் என்று சொல்ல முடிந்தது எதனால்? பல பத்தாண்டுகளாக உலகெங்கும் சாதாரண ஆட்கள் வெறும் கண்ணால் மதிப்பிட்டு எழுதி வைத்த கணக்கும் கையில் இருந்ததால்தான். 1911ல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கம், ஏ.ஏ.வி.எஸ்.ஓ., அந்தக் கணக்கைப் பாதுகாக்கிறது. மதிப்பீடு அனுப்ப உறுப்பினராகக்கூட வேண்டியதில்லை. பெயரைப் பதிந்தால் நோக்கர் குறியீடு ஒன்று இலவசமாகத் தருவார்கள்.

மதிப்பிடுவது இப்படித்தான். திருவாதிரைக்குக் கிழக்கே புரோசியான் என்ற நட்சத்திரம் இருக்கிறது, அதன் ஒளி அளவு 0.4. மேற்கே ரோகிணி, 0.9. எண் கூடினால் ஒளி குறைவு என்பதை மறக்காதீர்கள். திருவாதிரை புரோசியானைவிட மங்கலாகவும் ரோகிணியைவிடப் பிரகாசமாகவும் இருக்கிறதா? அப்படியானால் இடைவெளியை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புரோசியான் பக்கம் நெருங்கி இருந்தால் 0.6, ரோகிணி பக்கம் என்றால் 0.7 அல்லது 0.8. ரோகிணியைவிடவும் மங்கியிருந்தால் மிதுனத்தில் உள்ள போலக்ஸ் 1.1க்கு நிற்கும், அதனுடன் ஒப்பிடுங்கள். சிவப்பு நட்சத்திரத்தை முறைத்துப் பார்க்கக் கூடாது. பார்க்கப் பார்க்க அது பிரகாசமாகிக்கொண்டே போவதுபோல் தோன்றும். ஒரு பார்வை பார்த்து, உடனே மற்றதற்கு மாறிவிட வேண்டும்.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போன வாரம் 0.6 என்று எழுதியது நினைவில் இருந்தால் இந்த வாரமும் கண் 0.6 என்றே சொல்லும். பேரேட்டில் இருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கல்லாவை எண்ணுகிற காசாளரை நீங்கள் நம்புவீர்களா? அதே நியாயம்தான் இங்கும். எண்ணி எழுதிய பிறகுதான் பழைய பக்கத்தைப் புரட்ட வேண்டும். எண் ஒத்துவராவிட்டால் அடித்துத் திருத்தக் கூடாது. வாழ்நாள் முழுவதும் இதைப் பழகியவர் நீங்கள். இயற்பியல் பட்டதாரிகளுக்கு இதைப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

உங்கள் வீட்டு அமைப்பும் கை கொடுக்கிறது. கானாடுகாத்தானின் உச்சி வானத்தை மிக ஒட்டிக் கடக்கும் பிரகாசமான நட்சத்திரங்களில் திருவாதிரை ஒன்று. உச்சியிலிருந்து மூன்று டிகிரிகூட விலகாது. மாசி மாதத் தொடக்கத்தில் இரவு எட்டு, எட்டரை மணிக்கு வளவின் நடு முற்றத்தில் நின்று அண்ணாந்தால் போதும். தெருவில் ஊராட்சி மாட்டிய எல்.இ.டி. விளக்கை நான்கு பக்கச் சுவரும் மறைத்துவிடும். முற்றம் அகலமாக இருந்தால் கிழக்கே புரோசியானும் மேற்கே ரோகிணியும் கூரை ஓரத்துக்கு மேலேயே நிற்கும். மூன்றும் உயரத்தில் இருப்பதால் அடிவானத்துப் புழுதி எதையும் தனியாக மங்கச் செய்யாது. ஐரோப்பாவில் இருப்பவர் இதற்குத் திருத்தக் கணக்கு போட வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டாம்.

நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் அது. இரவு எட்டு மணி என்றால் 14.30. வானியலர்கள் ஜூலியன் நாள் என்று ஒரு தொடர் எண் வைத்திருக்கிறார்கள். அது உலக நேரம் நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5.30க்கு மாறும். ஆகவே இந்தியாவில் ஓர் இரவு முழுவதும் ஒரே எண்தான். நள்ளிரவில் தேதி மாறுகிற குழப்பம் உங்கள் நோட்டில் வரவே வராது.

இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலை என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் ராதாகோவிந்த சந்திராவைப் பற்றிச் சொல்லுங்கள். இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெசோரில், அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் சிறிய வேலையில் இருந்தவர். பள்ளி இறுதித் தேர்விலேயே தேறாதவர். 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தார். 1918ல் கழுகு மண்டலத்தில் திடீரென்று ஒரு புதிய நட்சத்திரம் தோன்றியபோது யாரும் சொல்லாமல் தாமாகவே கண்டுபிடித்து எழுதினார். ஏ.ஏ.வி.எஸ்.ஓ. அவரைச் சேர்த்துக்கொண்டது. 1926ல் 6 அங்குலக் கருவி ஒன்றைக் கடல் கடந்து இரவலாக அனுப்பியது. 1954 வரை அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000க்கும் அதிகம். அந்தக் கருவி பின்னர் இந்திய வானியலர் வைணு பாப்புவிடம் போய்ச் சேர்ந்தது. நம் பக்கத்து ஆள் வேண்டும் என்றால் சிந்தாமணி ரகுநாதாச்சாரி இருக்கிறார். சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். 1867ல் தென்வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்ற அந்த நட்சத்திரம் உங்கள் ஊரில் அடிவானத்திலிருந்து 17 டிகிரிவரை எழும்.

தென்வானம் என்றதும் ஒரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. செட்டிநாட்டின் பெரிய வரமே தெற்குதான். துருவ நட்சத்திரம் பத்து டிகிரி உயரத்தில் தரையோடு தரையாகக் கிடக்கிற நமக்கு, அகத்தியர் நட்சத்திரமும் தென்சிலுவையும் சாவகாசமாகத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் கோளக் கொத்து 32 டிகிரிக்கு ஏறும். பைனாகுலரில் பஞ்சு உருண்டையாகத் தெரியும். மெசியே பட்டியலில் அது இல்லை, ஏனென்றால் அவர் பாரிசில் இருந்து பார்த்தார். அங்கே அது உதிப்பதே இல்லை. வேறு நாட்டார் பட்டியலை அப்படியே பின்பற்றினால் நம் வீட்டு வாசலில் நிற்பதைத் தவறவிடுவோம். ஆகவே உங்கள் குழு தெற்கு வானத்துக்கென்று ஒரு சின்னப் பட்டியலைத் தானே போட்டுக்கொள்ளட்டும். சிக்கல் என்னவென்றால், கானாடுகாத்தானுக்குத் தெற்கேதான் காரைக்குடி இருக்கிறது. அந்த ஊரின் வெளிச்சம் நீங்கள் பார்க்க வேண்டிய இடத்தில்தான் பரவி நிற்கும். தெற்கைப் பார்க்க வேண்டிய இரவுகளில் தேவகோட்டையைத் தாண்டி ஏதாவது ஒரு கண்மாய்க் கரைக்குப் போய்விட வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாயில் அடிவானம் வரை திறந்து கிடக்கும். அங்கே தனியாகப் போகாதீர்கள். பாம்பு ஒரு காரணம். நள்ளிரவில் குழாய் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு இருட்டில் நிற்கிறவர் யார் என்று ஊர்க்காரரும் ரோந்துக் காவலரும் கேட்பார்கள் என்பது இன்னொரு காரணம். பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் ஒன்று பையில் இருக்கட்டும். நான்கு பேராகப் போனால் பதில் சொல்வதும் எளிது. முதல் நாள் பகலிலேயே இடத்தைப் பார்த்து, நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றும் நடக்கவில்லையே என்று மனம் விடாதீர்கள், வடகிழக்குப் பருவமழை அப்படித்தான். டிசம்பர் 14ஐ ஒட்டி வரும் ஜெமினிட் எரிகற்களை மழை விட்டுவைத்தால் பாருங்கள். மே 5, 6ல் விடியலுக்கு முன் வரும் ஈட்டா அக்வாரிட் நமக்கு இன்னும் தோதானது. ஹாலி வால்மீன் விட்டுப்போன தூசி அது. எரிகல் எண்ணும்போது குழுவில் ஒரு கண்டிப்பு வேண்டும்: நான்கு பேர் பாயில் படுத்துப் பார்த்தால் நான்கு தனிக் கணக்கு. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. அன்றைய இரவில் எவ்வளவு மங்கலான நட்சத்திரம்வரை தெரிந்தது என்பதையும் எழுத வேண்டும். மார்கழிப் பனியில் முன்வில்லையில் ஈரம் படியும். துணியால் துடைக்காமல், கறுப்பு அட்டையைச் சுருட்டி முன்னால் நீட்டி மாட்டினால் போதும்.

கடைசியாகக் கருவி. உங்கள் 70 மி.மீ. தொலைநோக்கியின் பெட்டியில் 500 மடங்குக்கும் மேல் பெருக்கிக் காட்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது விற்பனைப் பேச்சு. முன்வில்லையின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு, அதாவது 140க்கு மேல் போனால் மங்கல்தான் மிஞ்சும். கூடவே கண்வில்லையில் திருகும் சிறிய கறுப்புச் சூரிய வடிகட்டி வந்திருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். முன்வில்லையை முழுதாக மூடும் முறையான வடிகட்டி இல்லாமல் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது; பேரப் பிள்ளைகள் வரும்போது பகலில் வெளியே வைக்காதீர்கள். குறிபார்க்கும் சிறு குழாயைத் தூரத்துக் கைப்பேசிக் கோபுரத்தைப் பார்த்து மாலையில் சரிசெய்து கொள்ளுங்கள். முக்காலி ஆடினால் நடுவில் ஒரு பையில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதத்தை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள். இத்தனையும் சேர்ந்து நூறு ரூபாய் ஆகாது.

மகனிடம் இப்போதைக்கு 10க்கு 50 அளவுள்ள (10 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன்வில்லை) பைனாகுலர் ஒன்றை மட்டும் கேளுங்கள். 8 அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி நல்ல கருவிதான், மெசியே பட்டியல் முழுவதையும் காட்டும். ஆனால் எடை 20 கிலோவை ஒட்டி வரும். அந்தக் காலத்து வீட்டின் குறுகிய, செங்குத்தான மாடிப்படியில் இருட்டில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியவர் நீங்கள். நிலாப் பட்டியலில் பாதி முடியட்டும். காரைக்குடிக் குழுவிடம் அந்த அளவில் ஒன்று இருந்தால் சில இரவுகள் அதில் பழகி, உங்கள் முதுகும் படியும் எதைத் தாங்கும் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அளவைச் சொல்லி எழுதுங்கள்.